தப்பே இல்லாத குரல்

அத்தியாயம் ஆறு

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் ஆண்கள் கழிப்பறைக் கதவைக்கூட ஆங்கில இலக்கணம் விட்டுவைக்கவில்லை. 'டிஸ்கஸ் அபவுட் என்று சொல்லாதே! டிஸ்கஸ் என்று மட்டும் சொல்!' என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து மிரட்டியது. இன்பராஜ் உள்ளே போனான், வேலையை முடித்தான், யாரோடும் எதையும் டிஸ்கஸ் பண்ணாமல் வெளியே வந்தான்.

"க்கா, இங்க ஒண்ணுக்குப் போறதுக்கே எழுத்துப் பரீட்சை வெப்பாங்க போலக்கீது."

"முதலாளி பாய் ரூம் வந்துடுச்சு. இனிமே மேடம்" என்றாள் ஹெலன்.

அது அவர்களுக்குள் ஒப்பந்தம். காரில் அக்கா, கட்சிக்காரர் முன்னால் மேடம். வேலூரில் ஒரு மருந்துக் கடை மாடியில் ஹெலனின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் ஷூ கம்பெனிகளில் தரப் பரிசோதனை செய்தவள். தையல் பிசகைக் கண்டுபிடித்தவள் ஆள் பிசகைக் கண்டுபிடிக்க வந்துவிட்டாள். கண்ணாடி மட்டும் மாறவில்லை. இன்பராஜ் அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், கேட்காமலே கருத்து சொல்பவன்.

முதலாளி உமர் ஃபாரூக் மேஜைக்குப் பின்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ராமலிங்கம் நின்றுகொண்டிருந்தார். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறவர். அவர் சட்டைப் பையில் குழந்தைகள் பிறந்தநாள் விழாவில் குத்துகிற சைஸில் ஒரு மஞ்சள் பேட்ஜ் தொங்கியது. 'நான் தப்பாகப் பேசினேன்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இது இன்னா சார், அவார்டா?" என்றான் இன்பராஜ்.

"நம்ம இங்கிலீஷ் மாஸ்டர் போட்ட ரூல்" என்றார் முதலாளி. "எவன் தப்பா பேசுறானோ அவன் குத்திக்கணும். அடுத்தவன் தப்பைப் பிடிச்சா அவனுக்கு மாட்டிவிடலாம். ராமலிங்கத்துக்கிட்ட வந்தா மட்டும் அது நகர்றதே இல்ல."

ராமலிங்கம் வெட்கமாகச் சிரித்தார். "வாட் டு டூ சார். ஐ யாம் வில்லேஜ் சைடு ஒன்லி ஸ்டடியிங்."

"பாத்தீங்களா மேடம்?" என்றார் முதலாளி. "சரி, விஷயத்துக்கு வர்றேன். அடுத்த சீசனுக்கு இத்தாலிக்காரனுக்காகப் போட்ட டிசைன் எல்லாம் நேத்து சாயங்காலம்தான் ரெடியாச்சு. ஒரு பெட்டி சாம்பிள். எல்லாம் வலது கால் மட்டும். சாம்பிள்னா ஒத்தைக் காலுதான் போடுவோம், யாரும் மாட்டிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு. இன்னிக்குக் காலைல பெட்டி போய்டுச்சு."

"ஒத்தைக் கால் ஷூவைத் திருடிட்டு அவன் நொண்டிக்கிட்டுதான் ஓடணும் பாய்" என்றான் இன்பராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழக்கம்தான்.

"வேற கம்பெனிக்காரன் கைல அது கிடைச்சா, இத்தாலிக்காரன் வர்றதுக்குள்ள அவன் அதே டிசைனைக் காமிச்சுடுவான்" என்றார் முதலாளி. "சாம்பிள் ரூம் பொண்ணு ஜோதிதான் பெட்டியைக் குடுத்திருக்கு. இத்தாலிக்காரனோட மிலான் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சாம், கூரியர் ஆள்கிட்ட குடுக்கச் சொன்னாங்களாம். கேட்ல வந்து நின்னவன்கிட்ட தூக்கிக் குடுத்துடுச்சு. மிலான்ல கேட்டா, யாரும் போன் பண்ணலைன்றான். வந்த நம்பரும் அப்பவே சுவிட்ச் ஆஃப்."

ஜோதியின் போன் வருகிற அழைப்பை எல்லாம் தானாகவே பதிவு செய்துகொள்ளும் ரகம். முதலாளி அதைத் தன் போனுக்கு அனுப்பி வாங்கி வைத்திருந்தார். ஒலிக்க விட்டார்.

"குட் மார்னிங். ஐ அம் காலிங் ஃப்ரம் அவர் மிலான் ஆஃபீஸ். வுட் யூ பீ சோ கைண்ட் ஆஸ் டு ஹேண்ட் ஓவர் த சாம்பிள்ஸ் டு அவர் கூரியர் திஸ் மார்னிங்?"

கனத்த குரல். விமான நிலையத்தில் விமானம் தாமதம் என்று சொன்னால்கூட நமக்குக் கௌரவமாகப் படுமே, அந்த மாதிரிக் குரல்.

"இன்னா இங்கிலீஷ் பாருங்க மேடம்" என்று தன்னை மறந்து சொன்னார் முதலாளி. திருடு போனது அவருடைய பெட்டிதான் என்பது அப்புறம் ஞாபகம் வந்து முகம் மாறியது.

ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். "சார், திஸ் கேர்ள் பிரதர் பெங்களூர் கால் சென்டர் ஒர்க்கிங். ஹி ஒன்லி ஸ்பீக்கிங். சந்தேகமே இல்ல சார். அக்காவும் தம்பியும் சேர்ந்து போட்ட பிளான். கம்ப்ளைண்ட் நானே எழுதிடறேன்."

"சாயங்காலம் வரைக்கும் டயம் தர்றேன் மேடம்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள ஆள் கிடைச்சா சரி. இல்லைன்னா ரெண்டு பேர் மேலயும் போலீஸ்ல குடுத்துடுவேன். எனக்கும் வேற வழி தெரியல."

*

ஜோதி முதலாளி அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். ஆலங்காயத்துப் பெண். பேக்கிங்கில் பல வருஷம் இருந்துவிட்டு, போன மாதம்தான் சாம்பிள் ரூமுக்கு வந்தவள். அழுது முடித்து, மூக்கு மட்டும் மிச்சம் சிவந்திருந்தது.

"தம்பியை எதுக்குக்கா இழுக்குறாங்க?" என்றாள் ஹெலனைப் பார்த்ததும். "அவன் பேர்ல கேஸ்னு ஒரு வார்த்தை போனாப் போதும், அந்தக் கம்பெனி வெளிய அனுப்பிடும். வீட்ல சம்பாதிக்கிறது நாங்க ரெண்டு பேருதான்."

"மிலான்ல இருந்துதான் பேசுறாங்கன்னு எப்படி நம்பின?"

"தப்பே இல்லக்கா."

"புரியல."

"இங்கிலீஷ் மாஸ்டர் கிளாஸ் எடுத்தாருக்கா. போன்ல ஏமாத்துறவன் எல்லாம் தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசுவான், ஒரு தப்பு வந்தாலும் போனை வெச்சிடுங்க, தப்பே இல்லைன்னா அது நிஜமான ஃபாரின்காரங்கன்னு சொன்னாரு. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டேன். ஒரு தப்பு கூட வரல."

இன்பராஜுக்கு வாய் வரை வந்த ஜோக்கை முதல்முறையாக விழுங்கத் தோன்றியது.

"உன் தம்பி குரலா அது?"

"அவன் வீட்டுக்கு வந்தாலே 'யா யா'ன்னு மூக்கால பேசுவான்க்கா. எங்க அம்மா சளி பிடிச்சிருக்குன்னு கஷாயம் வெச்சுக் குடுக்கும். இது அவன் இல்ல."

"லூக்காவைப் பாத்திருக்கியா?"

"அது யாருக்கா?"

ஹெலன் தலையை ஆட்டினாள். அவளுடைய அந்தத் தலையாட்டலை இன்பராஜுக்குத் தெரியும். தையல் விட்ட இடம் கண்ணில் பட்டுவிட்டது.

*

"யாருக்கா அந்த லூக்கா?" என்றான் காரைத் திருப்பியபடி.

"இத்தாலிக்காரன். நான் வேலை பாத்த காலத்துல இருந்து வர்றான். ஆம்பூர், ராணிப்பேட்டை, எந்த ஷூ கம்பெனில கேட்டாலும் தெரியும். அவன் இங்கிலீஷ் கேளு. 'திஸ் ஷூ, நோ. தட் ஷூ, யெஸ். டுமாரோ, பிக் ப்ராப்ளம்.' அவ்ளோதான்."

"அதுக்கு நம்மாளுங்க இன்னா சொல்வாங்க?"

"'ஓகே லூக்கா. டுமாரோ நோ ப்ராப்ளம். டே ஆஃப்டர் ப்ராப்ளம்.' நல்லா இங்கிலீஷ் தெரிஞ்ச மேனேஜர்கூட அவன் முன்னாடி வேணும்னே உடைச்சு உடைச்சுதான் பேசுவான். முழு வாக்கியமா பேசினா லூக்காவுக்குப் புரியாது, கோவம் வந்துடும். கோடிக்கணக்குல வியாபாரம், கையும் தலையும்தான் பாதி பேசும். மிலான் ஆபீஸ்லயும் எல்லாம் அதே கதிதான்."

"அப்ப அந்த 'வுட் யூ பீ சோ கைண்ட்'?"

"எந்த இத்தாலிக்காரனும் சொல்ல மாட்டான். அது ஆம்பூர்லயே அரைச்ச மாவு. சுவத்தைப் பாக்கலையா நீ? கேன்டீன் போஸ்டர்ல 'கிவ் மீ என்று சொல்லாதே'ன்னு போட்டு, கீழ இதையேதான் சொல்லணும்னு எழுதியிருந்துச்சே."

இன்பராஜ் யோசித்தான். கேன்டீனில் அவன் கவனித்தது மசால் வடையை மட்டும்தான். "மாஸ்டரே திருடன்னு சொல்றீங்களா?"

"பெட்டி நேத்து சாயங்காலம்தான் ரெடி. அது ஜோதி கைலதான் இருக்குன்னு தெரிஞ்சவன் கம்பெனிக்குள்ள இருக்கிறவன். மாஸ்டர் வாரத்துல ஒரு நாள்தான் வர்றாரு."

"கம்பெனிக்குள்ள இருக்கிறவன் எவனும் அப்படிப் பேச மாட்டானேக்கா. பேட்ஜே ஆள் மாத்தி ஆள் குத்திக்கிட்டுத் திரியுறாங்க."

"அதான் பேஜார்" என்றாள் ஹெலன். "வா, மாஸ்டரைக் கேப்போம்."

மாஸ்டரின் இன்ஸ்டிட்யூட் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படியேறும்போதே ஹெலன் ஜோதிக்குப் போன் போட்டாள். "ஜோதி, இந்தப் போனைக் கட் பண்ணாத. கைல வெச்சுக்கோ. அந்த பெஞ்சை விட்டு யார் எழுப்பினாலும் எழுந்திரிக்காத. யாராவது போன் பேசிக்கிட்டு அந்தப் பக்கம் வந்தா, சும்மா கேளு." பிறகு போனை இன்பராஜ் கையில் கொடுத்தாள். "நம்ம பக்கச் சத்தம் அங்க போகக் கூடாது. அவ பக்கம் மட்டும் நமக்குக் கேக்கணும்."

*

இங்கிலீஷ் மாஸ்டர் டாக்டர் பரணிதரனுக்கு டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் ஏதோ ஒரு தீவில் இருந்தது. எந்தத் தீவு என்று சான்றிதழிலேயே தெளிவில்லை. ஆனாலும் பெரிய சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மே மாதத்து ஆம்பூரில் கோட்டு, டை. வேர்வை மட்டும் தமிழில் வழிந்துகொண்டிருந்தது.

"சார், ஐ யாம் ஹேவிங் ஒன் டவுட்" என்று ஆரம்பித்தான் இன்பராஜ்.

மாஸ்டர் தேள் கொட்டியது போலத் துடித்தார். "ஐ ஹேவ் எ கொஸ்டின்! டவுட் என்றால் அவநம்பிக்கை. உங்களுக்கு என் மேல் அவநம்பிக்கையா?"

"அதுவும் கொஞ்சம் கீது சார்."

ஹெலன் இடையில் புகுந்து, தன் பெயரைச் சொல்லிவிட்டு, முதலாளி அனுப்பிய பதிவை மாஸ்டரின் மேஜையில் இன்னொரு போனிலிருந்து ஒலிக்க விட்டாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்தவர் போல விரலால் மேஜையில் தாளம் போட்டார். முடிந்ததும், "இன்னொரு முறை" என்றார்.

"எப்படி சார் இருக்கு?"

"ஒரு பிழை இல்லை. மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போடலாம்."

"இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை ஷூ கம்பெனி பாய் ரொம்ப ஆவலா தேடிக்கிட்டு இருக்காரு" என்றாள் ஹெலன். இது அப்பட்டமான உண்மை. "உங்க மாணவரா சார்?"

மாஸ்டர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "மன்னிக்கணும். நான் மாணவர் பெயரைச் சொல்வதில்லை. முக்கியமாக, விடியற்காலை பேட்ச்."

"அது இன்னா சார், விடியற்காலை பேட்ச்?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். இந்த வட்டாரத்தில் ஒரு மேனேஜர் ஆங்கிலம் கற்றுக்கொள்வது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். 'அப்ப இத்தனை வருஷம் தெரியாமலா நாற்காலியில உக்காந்திருந்தான்?' என்று கேட்டுவிடுவார்கள். அதனால் பெரிய பதவிக்காரர்கள் எல்லாம் பொழுது விடிவதற்கு முன்னால் பிரியாணிக் கடையின் பின்பக்கப் படி வழியாக, குல்லா மாட்டிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் சொந்தப் பெயர் கிடையாது. மிஸ்டர் ஆலிவர், மிஸ்டர் ஹென்றி என்று மாஸ்டர் வைத்த பெயர்தான். பக்கத்து பெஞ்சில் இருப்பது பக்கத்து கம்பெனி மேனேஜர் என்று தெரிந்தாலும், தெரியாத மாதிரி 'ஹவ் டு யூ டூ' சொல்லிக்கொள்வார்கள்.

"டாக்டர்கிட்ட நோயாளி வர்ற மாதிரி. ரகசியம் காப்பது என் தொழில் தர்மம்" என்று முடித்தார் மாஸ்டர்.

"கரெக்ட் சார். சொல்லவே கூடாது" என்றாள் ஹெலன். எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள். இன்பராஜ் உஷாரானான். பொய் சொல்லப் போகிறபோது மட்டும்தான் அவள் கண்ணாடி துடைப்பாள். "எப்படியும் இது உங்க ஆள் இல்லையே. வாணியம்பாடி இன்ஸ்டிட்யூட்ல படிச்ச ஆளுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

மாஸ்டர் எழுந்தார். அவரோடு நாற்காலியும் கொஞ்சம் எழுந்தது.

"வாணியம்பாடியா?"

"ஆமா சார். அங்க புதுசா ஒருத்தர் ரொம்ப நல்லா சொல்லித் தர்றாராமே."

"'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்று சொல்லித் தருகிற கும்பல் மேடம் அது! அவர்கள் பெயர்ப் பலகையிலேயே தப்பு! அவர்களால் 'வுட் யூ பீ சோ கைண்ட்' என்று ஒருத்தனைச் சொல்ல வைக்க முடியுமா? அந்த 'கைண்ட்'டை இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அதை நான் ஒரு வருஷம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது! என் மிஸ்டர் ஆலிவர் அது!"

"அப்படியா?" என்றாள் ஹெலன், அரை மனதாக. "வெளிய யாரும் நம்ப மாட்டாங்க சார்."

"பெயரைத்தான் சொல்ல மாட்டேன். போன் பண்ணிக் காட்டுகிறேன். நீங்களே கேளுங்கள், அதே குரலா இல்லையா என்று. அப்புறம் வாணியம்பாடியைப் பற்றிப் பேசுங்கள்."

"இப்ப வேலையா இருப்பாரோ என்னவோ. எடுப்பாரா?"

"என் போனை எடுக்காதவன் அடுத்த நாள் பேட்சில் இருக்க மாட்டான். என்னிடம் தமிழில் ஒரு சொல் பேசினாலும் அப்படித்தான்."

மாஸ்டர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்தார். மணி போனது. இன்பராஜ் தன் கையிலிருந்த போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். ஜோதி பக்கம் கம்பெனி மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்டது. அப்புறம் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன் பாட ஆரம்பித்தது. கதவு திறந்தது. பாட்டு சத்தமாகி, நின்றது.

"குட் ஆஃப்டர்நூன், சார். வாட் எ ப்ளெஷர் டு ஹியர் ஃப்ரம் யூ."

அந்த வாக்கியம் அறைக்குள் இரண்டு தடவை கேட்டது. முதலில் மாஸ்டர் போனில். ஒரு கணம் கழித்து இன்பராஜ் காதில்.

ஹெலன் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஆலிவர், யுவர் இங்கிலீஷ் இஸ் பீயிங் டாக்ட் அபவுட் இன் திஸ் டவுன்!" என்றார் மாஸ்டர், ஹெலனைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணைச் சிமிட்டியபடி.

"யூ ஆர் டூ கைண்ட், சார். ஐ ஓ இட் ஆல் டு யூ."

இன்பராஜின் காதில், அந்தக் கனத்த குரலுக்கு மேலாக, பெஞ்ச் கிறீச்சிட்டது. எழுந்திரிக்காதே என்று சொன்ன பெண் எழுந்துவிட்டாள்.

"ராமலிங்கம் சார்" என்றாள் ஜோதி.

இன்பராஜ் போனைக் கீழே போட்டிருப்பான். பேட்ஜ் ராமலிங்கம்! அதைக் கழற்றிக் கொடுக்க வருஷம் பூரா ஒரு வாய்ப்பையும் தேடாத ராமலிங்கம்! முதலாளிக்குக் கேட்கக் கூடாது என்று வராந்தாவுக்கு வந்தவர், பெஞ்சில் ஒரு பெண் இருந்ததைப் பெஞ்சின் ஒரு பகுதியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"நீங்கதான் சார் காலைல பேசினது."

"ஐ பெக் யுவர் பார்டன்?" என்றது கனத்த குரல். எதிரில் நிற்பது சாம்பிள் ரூம் பெண்ணா, காதில் இருப்பது மாஸ்டரா என்று அதற்கே குழம்பிவிட்டது போலிருந்தது.

"ரெண்டு வரி பேசினாலும் அதே குரல் சார். காலைல நான் காதைத் தீட்டிக்கிட்டு கேட்டேன்."

"ஆலிவர்? ஹூ இஸ் தட் லேடி?" என்றார் மாஸ்டர்.

இன்பராஜ் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தான். வேலூர் வரை போனாலும் கேட்டிருக்கும், ஜோதி அப்படிக் கத்தினாள். "பாய்! பாய்! வெளிய வாங்க பாய்!"

கதவு. செருப்புச் சத்தம். முதலாளியின் குரல்: "இன்னா ஜோதி? ராமலிங்கம், யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க? கம்ப்ளைண்ட் எழுதிட்டியா?"

"ஆல்மோஸ்ட் ஃபினிஷிங் சார்" என்றார் ராமலிங்கம். பழைய, மெலிந்த, கிராமத்துப் பக்கம் படித்த குரல்.

"இல்ல பாய். அந்தக் குரல் வேற. கட் பண்ணாம காதுலயே வெச்சிருக்காரு பாருங்க. திரும்ப அந்த இங்கிலீஷ்ல பேசச் சொல்லுங்க" என்றாள் ஜோதி.

"ஆலிவர்!" என்று தன் போனுக்குள் மாஸ்டர் உறுமினார். "டோன்ட் கீப் மீ வெயிட்டிங்!"

அந்தப் பக்கம் முதலாளி கை நீட்டியிருக்க வேண்டும். போன் கை மாறுகிற கரகரப்பு. "ஹலோ, யாரு? பரணிதரன் சாரா? ஆலிவர் யாரு சார்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். தொழில் தர்மம் ஒரு பக்கம், வாணியம்பாடி இன்னொரு பக்கம். வாணியம்பாடி ஜெயித்தது. "உங்கள் ராமலிங்கம்தான் சார். என் மாணவன். ஒரு வருஷமாக. ஃபர்ஸ்ட் கிளாஸ்."



"ஏன் சார் அவ்ளோ சுத்தமா பேசினீங்க?" இது ஜோதி. அதட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "லூக்கா மாதிரி உடைச்சுப் பேசியிருக்கலாம்ல?"

"உடைச்சுப் பேசினா நீ போனை வெச்சிருப்ப மா" என்றார் ராமலிங்கம், களைத்துப்போய். "அப்படித்தான உனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு."

டாக்டர் பரணிதரன் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். தன்னைப் பாராட்டினார்களா, திட்டினார்களா என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பெட்டி எங்க சார்?" என்றாள் ஜோதி.

"லெட் மீ எக்ஸ்ப்ளெய்ன்..." பயத்தில் மறுபடி அந்தக் கனத்த குரல் வந்துவிட்டது.

"தமிழ்ல சொல்லுங்க சார். பெட்டி எங்க?"

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். ஜோதி அவரையும் "இருங்க பாய்" என்றாள்.

"என் கார் டிக்கில" என்றார் ராமலிங்கம். "வெளிய, கேட்டுக்குப் பக்கத்துல. கூரியர்னு வந்தவன் நான் அனுப்பின ஆள்தான், அங்கயே வெச்சுட்டுப் போய்ட்டான். பெட்டியைத் தேடினாலும் மேனேஜருங்க வண்டியை யாரும் செக் பண்ண மாட்டாங்கல்ல."

"சாவி குடுங்க சார்" என்றாள் ஜோதி.